கார் மேல மரப்பிசின்: கேளுங்க, சொல்றேன்

கடலூர்ல டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை வச்சிருக்கேன். மரத்தடியில நிறுத்தி கறை வாங்கினவங்க கேளுங்க, ஆனா எந்த மரம்னு சொல்லிட்டு கேளுங்க. வேம்புக்கு சொல்றது பலாவுக்கு ஆகாது.

மஞ்சக்குப்பம் வாசி: அண்ணே, வாசல்ல வேப்பமரம். பானட்ல கெட்டி கெட்டியா பிசின். நகத்தால சுரண்டினா வருது, சுரண்டிடவா?

சுரண்டாதீங்க. பிசினோட மணலும் சேந்து காஞ்சிருக்கும், கோடு போடறது அந்த மணல்தான். வேப்பம்பிசின் தண்ணியில ஊறுற சாதி. வண்டிய நிழல்ல விட்டு பாடி சூடு தணிஞ்சதும், கை பொறுக்குற சூட்டுல தண்ணி எடுத்து துணிய நனைச்சு அது மேல போட்டு வைங்க, துணி ஆறினா திரும்ப நனைங்க, கொழகொழன்னு ஆனதும் மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க, அப்புறம் கார் ஷாம்பூ போட்டு கழுவுங்க. நெறைய பேரு எடுத்த எடுப்புல ஸ்பிரிட்ட ஊத்துறாங்க. இந்த மாதிரி பிசின் ஸ்பிரிட்ல கரையாது, இன்னும் இறுகிக்கும்.

பண்ருட்டி பலா: டிக்கில பலாப்பழம் ஏத்தும்போது பம்பர்ல பால் வழிஞ்சிடுச்சு.

பண்ருட்டிக்காரரு இதக் கேக்கலாமா? பழம் அறுக்குறப்ப கையில என்ன தடவுவீங்களோ அதேதான். தேங்காண்ணெய தடவி கொஞ்ச நேரம் விட்டு தொடைங்க. ஷாம்பூ போட்டு எண்ணெய எடுத்துடணும், இல்லன்னா ரோட்டுத் தூசி பூரா அங்கதான் ஒக்காரும்.

நெல்லிக்குப்பம்: பெட்ரோல் போட்டு தொடச்சா போயிடும்னு மெக்கானிக் சொல்றாரு.

வேணாம். தீப்பிடிக்கிற சமாச்சாரம், போட்ட வேக்ஸும் போயிடும், ரப்பர் பீடிங்குக்கும் ஆகாது. தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அதைவிட மோசம். லோக்கல்ல ரீபெயிண்ட் அடிச்ச பேனலா இருந்தா பெயிண்ட்டே துணியில வந்துடும். கம்பெனி பெயிண்ட்லயே மேல இருக்குற க்ளியர் கோட், அதாவது நெறமில்லாத மேல்பூச்சு, 40, 50 மைக்ரான்தான் வரும்.

பாகூர்: சார், மாமரத்தடியில நிறுத்துறேன். தை மாசி ஆனா கண்ணாடி, ரூஃப் எல்லாம் பொடிப்பொடியா பிசுபிசுப்பு. மரம் பால் வடிக்குதா?

நல்ல கேள்வி. அது மரத்துப் பாலே இல்ல சார். மா பூக்குற நேரத்துல தத்துப்பூச்சி வரும், பூங்கொத்துல சாறு உறிஞ்சிட்டு மிச்ச சர்க்கரைய கீழ விடும், அதுதான் உங்க ரூஃப்ல விழுது. வெறும் சர்க்கரைதானே, அன்னைக்கே தண்ணி அடிச்சா போயிடும். ஆனா ஒரு வாரம் விட்டா அது மேல கரும்பூசணம் புடிச்சு கருப்பு கருப்பா தெரியும், உடனே பெயிண்ட் போச்சுன்னு பட்டறைக்கு ஓடி வருவாங்க. மரத்து எலையத் திருப்பிப் பாருங்க, அங்கயும் அதே கருப்பு இருக்கும். மருந்து அடிக்கறத பத்தி வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க, அது என் வேலை இல்ல.

முத்தியால்பேட்டை: ஸ்பிரிட் ஸ்பிரிட்னு சொல்றீங்களே, எங்க பாண்டில பிராந்தியே சீப். அத ஊத்தி தொடச்சேன், போச்சு தலைவா.

நெய்வேலி ஸ்விஃப்ட்: பிராந்திய கார்ல ஊத்துற ஆளா நீ, பாவம்யா!

முத்தியால்பேட்டை: மிச்சத்த வேற எங்கயும் ஊத்தலையே.

நெய்வேலி ஸ்விஃப்ட்: பிராந்தில கலர் இருக்கு, கறையாகும். வோட்காதான் கரெக்ட்.

முத்தியால்பேட்டை: ஒனக்கு பிராந்தி புடிக்காது, அதுக்கு என் கார் என்ன பண்ணும்?

கொஞ்சம் நிறுத்துங்கப்பா. பிராந்தியோ வோட்காவோ, 42.8 சதவீதம்தான் ஆல்கஹால், மீதி பெரும்பாலும் தண்ணி. முத்தியால்பேட்டை தம்பிக்கு போனது வேப்பம்பிசின்னா அந்தத் தண்ணியில ஊறித்தான் போயிருக்கும். பைன் மாதிரி மரத்துப் பிசின் எதுவும் தண்ணிக்கு அசையலன்னா மெடிக்கல்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கி துணியில நனைச்சு, ஓரமா ஒரு எடத்துல டெஸ்ட் பண்ணிட்டு போடுங்க. சானிடைசர் ஜெல்லுன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அதுல வேற வேற சாமான் கலந்திருக்கும். வெயில்ல வேணவே வேணாம்.

திருப்பாதிரிப்புலியூர்: பிசின் போச்சு, வட்டமா தழும்பு நிக்குது.

தடவிப் பாருங்க. சொரசொரன்னா மிச்ச அழுக்கு, ஷாம்பூ தண்ணி தெளிச்சுக்கிட்டே க்ளே பார் (ஒட்டின அழுக்க இழுத்தெடுக்குற களிமண் மாதிரி கட்டி) ஓட்டி, மேல வேக்ஸ் போடுங்க. வழவழன்னு இருந்தும் தழும்பு தெரிஞ்சா க்ளியர் கோட்ட தின்னுருக்கு, காம்பவுண்ட் பாலிஷ் போடணும். கை பழகாதவங்க மெஷின் போடாதீங்க.

முதுநகர்: பெட்ரோல் போடலாமா சார்?

மேல படிங்க.

லாஸ்பேட்டை: அண்ணா, வாசல்ல இருக்குற புங்கமரத்த காருக்காக வெட்டணும்னு மாமனார் நிக்கிறாரு. தானே புயல்லயே விழாத மரம்.

வெட்ட வேணாம்மா. 2011 டிசம்பர்ல நம்ம பக்கம் எத்தனை மரம் போச்சுன்னு அவருக்கே தெரியும். மரம் போயிட்டா அந்த வெயில் நேரா பெயிண்ட் மேலதான் விழும். கவர் வாங்கிக் குடுங்க, ஆனா கழுவி காஞ்ச வண்டிக்குத்தான் போடணும், தூசியோட போட்டா கவரே உப்புத்தாள்.

கடலூர் ஓடி: பெட்ரோலுக்கு பதிலா டீசல்?

தம்பி...

சில்வர் பீச்: முன் கண்ணாடில ஒட்டினது?

கண்ணாடின்னா புது பிளேட சாய்ச்சுப் புடிச்சு, ஷாம்பூ தண்ணியோட எடுக்கலாம். வைப்பர் ரப்பரையும் தொடச்சிடுங்க. அந்த பிளேடோட பானட் பக்கம் போயிடாதீங்க.