அலமாரிக்குள் நுழையும் டிரில்

கேள்வி: மும்பையில் மாடுலர் கிச்சன் அமைக்கும் தச்சன் நான். என் 18 வோல்ட் டிரில் அலமாரிக்குள்ளும் சிங்க்குக்கு அடியிலும் நுழைவதில்லை. 12 வோல்ட் போதுமா?
– வாசகர், செம்பூர்

பதில்: பிளைவுட் வேலைக்குத் தாராளமாகப் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 12 வோல்ட் என்பது முழுச் சார்ஜில் கிடைக்கும் அளவு; மூன்று லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்த அந்த பேட்டரியின் இயல்பு மின்னழுத்தம் 10.8 வோல்ட்தான். கான்கிரீட் சுவரைத் துளைக்க மட்டும் பெரிய ஹேமர் டிரில் வேண்டும்.

இடுக்கில் வேலை செய்பவர் வோல்ட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது, கருவியின் முன்நுனியிலிருந்து பின்புறம் வரையுள்ள நீளத்தையே; அதனுடன் பிட்டின் (முனையில் மாட்டும் துளையூசி அல்லது திருகுமுனை) நீளமும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் தாடை) இல்லாமல், கால் அங்குல அறுகோணப் பிட்டைப் பிடிக்கும் இம்பாக்ட் டிரைவர் (சுழலும்போதே தட்டித்தட்டித் திருகு முடுக்கும் கருவி) பொதுவாக டிரில்லைவிடக் குட்டையானது, திருகு முடுக்கும்போது மணிக்கட்டையும் அவ்வளவாக முறுக்காது. ஆனால் இரைச்சல் அதிகம் என்பதால், மதிய வேளையில் சத்தம் கூடாதென்னும் உங்கள் ஊர் குடியிருப்புச் சொசைட்டிகளில் சற்றுக் கவனம் தேவை. அலமாரிக் கதவில் கீலின் கிண்ணம் பதியும் 35 மில்லிமீட்டர் குழியை எடுக்க இம்பாக்ட் டிரைவர் உதவாது, அதற்குச் சக் உள்ள டிரில்தான் சரி. ஆகவே ஒரே பேட்டரியில் இயங்கும் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் 18 வோல்ட் பேட்டரி இவற்றில் பொருந்தாது.

நாக்தேவி தெருக் கருவிக் கடைகளுக்குப் போகும்போது அலமாரியின் உள்ளளவைக் குறித்துச் சென்று, பிட்டை மாட்டியே அளந்து பாருங்கள்.