யாரைத் தேடிப் போகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

உளவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவன். எங்களுடைய மனச்சிக்கல்களையும் அடையாளச் சிக்கல்களையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. என் பேராசிரியரோ, ‘தன்னைப் பற்றித் தானே எழுதினால் அது நாட்குறிப்பு, ஆய்வில்லை. வேறு தலைப்பு எடு’ என்கிறார். அவர் சொல்வது சரியா? இந்தச் சிக்கல்களின் வேர் எங்கே இருக்கிறது? எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், பிறகு வேலை கிடைக்குமா?

க.

அன்புள்ள க.,

ஒரு வாரமாக ஈவ்லின் ஹுக்கரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். பல்கலைக்கழகம், வேலை பற்றியெல்லாம் துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

ஹுக்கர் லாஸ் ஏஞ்சலஸில் உளவியல் கற்பித்தவர். 1940களில் அவரிடம் படித்த மாணவர் ஒருவர், தன்பாலீர்ப்பாளர், குடும்ப நண்பரானார். ‘எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும்’ என்று விடாமல் கேட்டவர் அவர்தான். அதுவரை உளவியல் இந்த மனிதர்களைப் பெரும்பாலும் மருத்துவமனையிலும் சிறையிலும்தான் பார்த்திருந்தது. பார்த்துவிட்டு நோயாளிகள் என்று எழுதிவைத்தது. காய்ச்சல் வார்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே காய்ச்சல் என்று சொன்ன கதை.

ஹுக்கர் சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களைத் தேடிப் பிடித்தார். கலிஃபோர்னியாவில் தன்பாலுறவு அன்று குற்றம். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும். ஆகவே அவர்களைத் தன் வீட்டுத் தோட்டத்து அறையிலேயே சந்தித்தார். வயது, படிப்பு, அறிவுத்திறன் எல்லாம் ஒத்துவரும்படி, எதிர்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். மைத்தடத்தைக் காட்டி ‘இதில் என்ன தெரிகிறது’ என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உள்பட மூன்று சோதனைகள். யாருடைய விடை எது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். ரோர்ஷாக்கில் பெரிய பெயர் ப்ரூனோ க்ளாப்ஃபர். அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் சரியாக வந்திருக்கும். 1957இல் ஆய்வு அச்சானது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவில் இறங்கிப் போராடியவர்களின் பங்கு அதில் பெரிது. அவர்கள் கையில் இந்த ஆய்வும் இருந்தது.

உங்கள் பேராசிரியருக்கான பதில் இதில் இருக்கிறது. ஹுக்கர் அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். விலகி நின்றிருந்தால் அந்த 30 பேர் கதவைத் திறந்தே இருக்க மாட்டார்கள். சாய்வு வந்துவிடாமல் காத்தது, பெயரை மறைத்துக் கொடுத்த அந்த முறை. திருமண உறவை ஆராய வரும் மாணவரிடம் ‘உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, அப்படியானால் வேண்டாம்’ என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறாரா?

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு சின்னக் கடிதத்தில் ‘சிக்கல்’ மூன்று முறை வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களுடைய மனச்சிக்கல் என்று எழுதும்போதே, அந்தச் சிக்கல் உங்களுக்குள் இருக்கிறது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் வேரைத் தேடி எங்கே போவீர்கள்? உங்களுக்குள்தான் தோண்டுவீர்கள். அந்தப் பழைய வார்டின் கண்ணைத்தான் நீங்களும் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி. அதைக் கழற்றாமல் ஆய்வுக்குள் நுழையாதீர்கள்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். இருபது வயதில், தூக்கமே வருவதில்லை என்று ஒரு மருத்துவரிடம் போனான். அவர் அவனுடைய அப்பாவைப் பற்றி மட்டும் நாலு வாரம் கேட்டார். திரும்பிவந்து என்னிடம் சொன்னபோது நான் கேட்டது: ‘எப்போதிலிருந்து உனக்கு இப்படி?’ அவன் எழுந்து போய்விட்டான். பல வருடம் கழித்துத்தான் சொன்னான். விடுதியில் ஒரே அறையில் மூன்று பேர். தூக்கத்தில் ஏதாவது உளறிவிடுவோமோ என்று பயந்து விழித்துக் கிடந்திருக்கிறான். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆய்வாளர் இலான் மேயர் 1995லும் 2003லும் எழுதிய கட்டுரைகள் இந்தத் தூக்கமின்மையை ஒரு பெயரால் விளக்கின: சிறுபான்மை அழுத்தம். ஒதுக்கப்படுவோம் என்று எந்நேரமும் எதிர்பார்த்துக் காத்திருப்பது, மறைத்தே வாழ்வது, ஊர் சொல்லும் இழிவைத் தானும் நம்பத் தொடங்குவது. இவை உடம்பையும் மனதையும் தின்கின்றன. காரணம் அந்த ஆளின் இயல்பில் இல்லை, அவனைச் சுற்றி இருக்கிறது. கோட்பாடு வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

முன்வரைவை அப்புறம் எழுதலாம். முதலில் பத்துப் பேரிடம் கேட்கப்போகும் கேள்விகளை எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தப் பத்தில் நன்றாகத் தூங்குகிறவர்களும் இருக்கட்டும்.