முண்ணாண் மனதில் நிற்கவில்லை என்று எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்கு முன்னால் கேட்க மனமில்லாமல் பிறகு எழுதியிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. தவணைப் பரீட்சையில் முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள்ளால் ஓடும் நரம்புத் தண்டு) கேள்விக்கு 20க்கு 6 எடுத்திருக்கிறாள். டொக்டர் படிப்பு சரிவருமா, இல்லாவிட்டால் இப்பவே கலைப்பிரிவுக்கு மாற்றிவிடட்டுமா என்பது உங்கள் கேள்வி. மூன்றாவதாக ஒரு ரியூசனும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்த ரியூசனுக்குக் காசு கட்டாதீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை நீங்கள் வெளியே வாங்கில் இருந்த நேரம், அவளிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து முண்ணாணைப் பற்றிக் கேட்டேன். 31 சோடி நரம்புகள், கழுத்தில் 8, நெஞ்சில் 12, நாரியில் 5, திருவென்பில் 5, குயிலலகில் 1 என்று மளமளவென்று ஒப்புவித்தாள். கழுத்தில் முள்ளந்தண்டென்பு ஏழுதானே, நரம்பு எப்படி எட்டு என்று கேட்டேன். கப்சிப். (முதல் நரம்பு முதலாவது என்புக்கு மேலாலேயே வந்துவிடுகிறது, எட்டாவது, ஏழாவது என்புக்குக் கீழால் வருகிறது. விசயம் அவ்வளவுதான்.) கொப்பியில் உள்ளதெல்லாம் அவள் தலையில் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கிறது.

சரி, கொப்பியை மற என்றேன். வெறுங்காலோடு முற்றத்தில் போகிறாய், நெருஞ்சி முள் குத்துகிறது. முதலில் காலை எடுப்பாயா, முதலில் நோகுமா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலை எடுத்திடுவன் சேர், பிறகுதான் நோகும்" என்றாள். அங்கேயிருந்து கீறத் தொடங்கினோம். குத்தின செய்தி புலன் நரம்பால் வந்து முதுகுப்புற வேரால் முண்ணாணுக்குள் நுழைகிறது. நடுவிலே வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும் நரைநிறச் சடப்பொருளில் கைமாறுகிறது. உடனே வயிற்றுப்புற வேரால் இயக்க நரம்பு வெளிக்கிட்டுத் தசையைச் சுருக்குகிறது. காலை எடுப்பதற்கு மூளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. மூளைக்கான செய்தி, சுற்றிவர உள்ள வெண்ணிறச் சடப்பொருளால் தன்பாட்டில் மேலே ஏறுகிறது. அது போய்ச்சேர முன்னமே கால் தூக்கியாயிற்று. "அப்ப தெறிவில் என்டு மிஸ் கீறினது இதுவா?" என்று கேட்டாள். (மூளையைக் கேட்காமல் செய்தி போய்த் திரும்பும் இந்தப் பாதைக்குத்தான் அந்தப் பெயர்.) அந்தப் படத்தை அவள் எத்தனை தரம் பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு, அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது மூன்று விசயம் மட்டுமே. நோவும் சூடும் குளிரும் கொண்டுபோகும் பாதை, முண்ணாணுக்குள் நுழைந்த கையோடு மறுபக்கம் கடந்து மேலே போகிறது. மெல்லிய தொடுகையும் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் வந்த பக்கமாகவே ஏறி, மேலே, மூளையின் அடியில் முண்ணாணோடு சேரும் பகுதியான நீள்வளைய மையவிழையத்தில்தான் கடக்கின்றன. மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதையில் பெரும்பங்கும் அந்த இடத்திலேயே கடந்துவிட்டுத்தான் கீழே வருகிறது. இப்போது ஒருவருக்கு நெஞ்சு மட்டத்தில் முண்ணாணின் வலது பாதி மட்டும் அறுந்துவிட்டது. எந்தக் கால் என்ன ஆகும்?

பத்து நிமிடம் அம்புக்குறி போட்டாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். வலது கால் அசையாது, அதில் தொட்டால் சரியாகத் தெரியாது. ஆனால் ஊசி குத்தினால் தெரியாமல் போவது இடது காலில். சரியான விடை, அம்மா. பிரவுண் சேக்கார் என்ற வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த நிலை இது; மருத்துவ பீடத்துப் பிள்ளைகளே முழிக்கிற இடம். 20க்கு 6 எடுத்த பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்தாள். ஆகவே உங்கள் பிள்ளைக்கு இருக்கும் குறை மூளையில் இல்லை, படிக்கிற விதத்தில். கலைப்பிரிவு குறைவானது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் 6 புள்ளிக்குப் பயந்து ஒளிக்கிற இடமாக அது இருக்கக் கூடாது.

முண்ணாண் அறுந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு அவளைவிடச் சுலபமாக விளங்கும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டின காலம் நினைவிருக்கும்தானே? இங்கேயும் சனம் இருந்தது, அங்கேயும் சனம் இருந்தது. ஒன்றும் கடந்து போகவில்லை. ஆனால் குடாநாட்டுக்குள்ளே சைக்கிள்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஊரில் பனையால் விழுந்த ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சில கிழமை கழித்து, பாதத்தைத் தொட்டதும் கால் உதறியது. குணமாகுது என்று மனைவி கோயிலில் அர்ச்சனை செய்தா. அந்த உதறல் அறுந்த இடத்துக்குக் கீழே முண்ணாண் தன்பாட்டில் செய்யும் தெறிவினை. பாதை திறக்கவில்லை. அதை அந்த அக்காவுக்கு இருத்திவைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தியவர் ஒரு இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரப்பிஸ்ற்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனிதரைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கழுத்தும் முதுகும் வளையாமல் தூக்கி ஏற்றியவர்கள், படம் எடுத்த கதிர்ப்பட இயக்குநர், சத்திரசிகிச்சை செய்தவர், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிவிட்ட தாதி, சக்கர நாற்காலியில் ஏறப் பழக்கியவர், கிணற்றடியிலும் அடுப்படியிலும் இனி எப்படி வேலை செய்வது என்று காட்டிய தொழில்வழிச் சிகிச்சையாளர். சத்திரசிகிச்சை சில மணித்தியாலம். மற்றவர்களோடு அவர் மாதக்கணக்கில் இருந்தார்.

மருத்துவ பீடத்தை முதல் தெரிவாகப் போடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. யாழ்ப்பாணத்தில் 1978இலிருந்து மருத்துவ பீடம் இருக்கிறது, வாசலிலேயே. ஆனால் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் புள்ளி) கடுமையானது. நன்றாகச் செய்கிற பிள்ளைகளிலும் பலருக்குக் கிடைப்பதில்லை. அதற்குக் கீழே வரும் தெரிவுகளைக் கடைசி நாளில் பதற்றத்தோடு நிரப்பாமல் இப்பவே பேசிவையுங்கள். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் யாழ். பல்கலைக்கழகத்திலேயே இருக்கின்றன. இயன்மருத்துவத்துக்குப் பேராதனை, கொழும்பு என்று வெளியே போக வேண்டும். சனிக்கிழமை அவள் கண் விரிந்து கேட்டது அதைப் பற்றித்தான். உங்களிடம் சொன்னாளோ தெரியாது.

படிப்புக்கு ஒரே ஒரு மாற்றம். இரவில் குறிப்பை வாசிப்பதை நிறுத்திவிட்டு, முண்ணாணின் குறுக்குவெட்டை ஒவ்வொரு நாளும் பார்க்காமல் கீறட்டும். கீறியதில் ஒரு செய்தியை விரலால் நடத்திக் காட்டட்டும், உங்களுக்கே. உங்களுக்கு விளங்காத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள், அவள் தடுமாறுகிற இடத்தைத்தான் அடுத்த நாள் படிக்க வேண்டும். பெயர்களை ஆங்கிலத்திலும் பக்கத்தில் எழுதிவைத்தால் நல்லது. பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புகள் எல்லாம் ஆங்கிலம், அங்கே போய்த் திகைக்கத் தேவையில்லை.

அடுத்த மாதம் முதல் சனி காலை 10 மணிக்கு இருவரும் வாருங்கள். இந்த முறை நீங்களும் உள்ளே இருங்கள். அந்த அம்புக்குறித் தாளை நான் எறியவில்லை, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.