செப்டிக் ஏர் பம்ப் நின்றுபோனால் புதிதுதான் வாங்க வேண்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். டெக்சாஸில் ஊருக்கு வெளியே வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள், செப்டிக் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடிக்கிறது, பார்க்க வந்தவர் ஏர் பம்ப் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அந்த மோட்டாரைப் பிரித்து நாமே சரிசெய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் வீட்டுப் பம்பை நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது ஏன் நின்றது என்று பார்க்காமல் உள்ளே புது ரப்பரை மட்டும் போட்டீர்களானால் சீக்கிரமே மறுபடி அதே விளக்கு எரியும். அதனால் பிரிக்கிற வேலையைவிடக் காரணம் தேடுகிற வேலைக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள்.

இங்கே நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் பாதாளச் சாக்கடை கிடையாது, அவரவர் கழிவை அவரவர் நிலத்திலேயே சுத்தம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் இப்படித்தான். மண் சரியில்லாத இடத்தில் சாதாரண செப்டிக் டேங்க் போதாது என்று காற்று ஊதும் வகையை வைக்கிறார்கள், உங்கள் வீட்டில் இருப்பது அது. அந்தக் காற்றை நம்பித்தான் தொட்டிக்குள் பாக்டீரியா வாழ்கிறது. காற்று நின்றுவிட்டால் அவை சாகத் தொடங்கும், காற்று வேண்டாத வகை பெருகும், அப்புறம் அழுகிய முட்டை நாற்றம் தோட்டம் முழுக்க அடிக்கும், அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர் ஸ்பிரிங்க்ளர் வழியாகப் புல்லில் விழும். ஆகவே பம்பைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டுச் சாமான் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஒரு மாற்றுப் பம்ப் கையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் துணி துவைப்பதையும் நீண்ட குளியலையும் அந்த நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள். அலாரத்தை அமைதியாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. சத்தம்தான் நிற்கும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். பிரேக்கர் விழுந்திருக்கலாம், வெளியே இருக்கிற பாதுகாப்பு பிளக் பாயிண்ட் மழையில் ட்ரிப் ஆகியிருக்கலாம். டெக்சாஸில் இன்னொரு தொல்லை நெருப்பெறும்பு. மின்சாரப் பெட்டிக்குள் புகுந்து ரிலே என்கிற தானியங்கி சுவிட்சின் முனைகளுக்கு நடுவில் சிக்கிச் செத்துக் குவிந்து கிடக்கும், அதைத் துடைத்தெடுத்ததும் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். பிளக்கில் ஒரு விளக்கைச் செருகி மின்சாரம் வருவதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடிப்பதும் உண்டு. குழாயில் கசிவு, அழுத்தம் பார்க்கும் சுவிட்ச், தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை என்று காரணம் வேறு எங்காவது இருக்கும்.

அடுத்து உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். கனத்த பெட்டி மாதிரி, மெல்லிய ரீங்காரத்தோடு ஓடுவது என்றால் அது டயாஃப்ரம் வகை, ஹைபுளோ கம்பெனிப் பம்ப் போன்றவை. அதற்குள் நாம் நினைக்கிற மாதிரி சுற்றும் மோட்டாரே கிடையாது. நடுவில் காந்தம் பதித்த ஒரு தண்டு, இருபுறமும் மின்காந்தக் காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், தண்டின் இரண்டு முனையிலும் ரப்பர் டயாஃப்ரம், அதாவது காற்றைத் தள்ளும் சவ்வு. மின்சாரம் திசை மாற மாறத் தண்டு இடமும் வலமும் இழுபடும், 60 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 60 முறை போய்வரும். மீன் தொட்டிக்கு வைக்கும் குட்டிப் பம்புக்கும் ஏறக்குறைய இதே தத்துவம்தான், அதற்காக அதை வாங்கி இங்கே மாட்டிவிடாதீர்கள், காற்று துளிகூடப் போதாது. இந்தியாவிலிருந்து பம்ப் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்து மாற்றலாம், ஹெர்ட்ஸ் மாறாது, இந்த வகைப் பம்பு ஹெர்ட்ஸை நம்பியே ஓடுகிறது.

டயாஃப்ரம் வகையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ரப்பர் கிழிந்தால் தண்டு நடுவை விட்டு விலகிக் காயிலில் இடிக்கும். அப்படி இடித்து நாசமாகாமல் இருக்க உள்ளே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். தண்டு விலகியதும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இப்போது மல்டிமீட்டரை எடுத்துப் பிளக்கின் இரண்டு முனைகளில் வைத்தால் இணைப்பே இல்லை என்று காட்டும், பார்க்கிறவர் உடனே மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். உண்மையில் கிழிந்த ஒரு ரப்பரும் விழுந்துவிட்ட ஒரு சுவிட்சும்தான் விவகாரம். அதனால் காயிலின் முனைகளில் நேரடியாக வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கக் காயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால், கருகல் வாடையும் இல்லையென்றால், பம்பைக் காப்பாற்றலாம். ஒரு காயில் துண்டாகிவிட்டது, அல்லது காந்தத்தில் விரிசல் விழுந்து துரு பூத்திருக்கிறது என்றால் அந்தப் பம்பை விட்டுவிடுங்கள். ஊரில் என்றால் காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம், இங்கே இவ்வளவு சின்னப் பம்புக்கு அப்படி யாரும் கட்டித் தருவது அபூர்வம், தந்தாலும் கூலி கட்டுபடியாகாது.

பிரிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். மேல் மூடியைக் கழற்றியதும் ஃபில்டர் தெரியும், அது கறுத்துப் போயிருந்தால் பாதிக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. காற்று இழுக்க முடியாத பம்ப் சூடாகும், சூட்டில் ரப்பர் கெட்டியாகிக் கிழியும். அதன் கீழே இரண்டு பக்கமும் வால்வு அடங்கிய காற்றறைகள் இருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை உருவுவதற்கு முன்னால் எந்த முனை எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். உருவிய தண்டை இரும்புத்தூள் இருக்கிற மேசையில் வைக்காதீர்கள், வைத்தால் காந்தத்தில் ஒட்டியதைத் துடைத்தே பொழுது போய்விடும். ஒரு பக்க ரப்பர்தான் கிழிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வால்வுகளையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது, பழுதுபார்க்கும் கிட் என்று கேட்டால் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தே வரும், உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

திருப்பிப் பூட்டும்போது தண்டு இரண்டு காயில்களுக்கும் சரி நடுவில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவு. விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எங்கேயும் உரசக் கூடாது, கையை எடுத்ததும் தானாக நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பாதுகாப்பு சுவிட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தால் பம்ப் ஓடவே ஓடாது, காயில் போய்விட்டது என்று மறுபடி பயப்படுவீர்கள். அந்தச் சுவிட்சைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அடுத்த முறை ரப்பர் கிழியும்போது காயிலும் காந்தமும் சேர்ந்தே போகும். எண்ணெய், கிரீஸ் எதுவும் உள்ளே போடாதீர்கள்.

உங்களுடையது சுற்றும் மோட்டார் வைத்த வகை என்றால் கதை வேறு. கார்பன் தகடு வைத்த ரோட்டரி பம்பில் தகடுதான் தேயும், அதை மாற்றிக் கறுப்புத் தூளை ஊதித் தள்ளினால் போதும், உள்ளே சுழலும் ரோட்டரை மட்டும் வெளியே எடுக்காதீர்கள், பக்கவாட்டில் விட்டிருக்கிற மயிரிழை இடைவெளியைத் திரும்ப அமைப்பது வீட்டில் நடக்காத காரியம். இதற்கும் எண்ணெய் கூடாது. மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல், அதைத் தொடுவதற்கு முன்னால் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். தொட்டிக்கு மேலேயே உட்கார்ந்து தண்டைத் தண்ணீருக்குள் விட்டிருக்கும் மோட்டார்களில் ஈரம் ஏறி பேரிங் அரைபடும். பேரிங்கின் ஓரத்திலேயே எண் பொறித்திருக்கும், 6203 என்றிருந்தால் உள் விட்டம் 17 மி.மீ., வெளி விட்டம் 40, அகலம் 12. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வைத்ததாகக் கேட்டு வாங்கி, தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்துங்கள், வெளி வளையத்தைத் தட்டினால் புது பேரிங் அன்றைக்கே கெட்டுப்போகும்.

சரி, காரணம் தேடுவதற்கு வருகிறேன். பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டுச் சின்ன அழுத்தமானி மாட்டுங்கள். ஒரு அடி ஆழத் தண்ணீருக்கு 0.43 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது கணக்கு. காற்று விடும் டிஃப்யூசர் 4 அடி ஆழத்தில் இருந்தால் 1.7 சொச்சம் காட்ட வேண்டும், அதோடு குழாய்க்காகக் கொஞ்சம் சேரும். அதைவிட நன்றாக ஏறி 2.5, 3 என்று போனால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது, அந்தப் பாரத்தைத் தள்ளித் தள்ளித்தான் பம்ப் வாயைப் பிளந்திருக்கிறது. ரொம்பக் குறைவாகக் காட்டினால் மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருக்கலாம். அடைத்த டிஃப்யூசரை எடுக்கத் தொட்டியைத் திறக்க வேண்டும், அந்த வேலையை மட்டும் சர்வீஸ்காரரிடம் விடுங்கள். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், தலையை உள்ளே நீட்டினாலே மயங்கி விழலாம். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் மூடியின் ஸ்க்ரூ ஒன்றுகூடக் குறையக் கூடாது.

சட்ட விஷயம். டெக்சாஸில் இந்த வகை செப்டிக் புதிதாக வைத்தால் முதல் இரண்டு வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அறிக்கை போக வேண்டும். அதற்கப்புறம் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாமா என்பது கவுண்டிக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாறும், சில இடங்களில் பயிற்சி எடுத்தால் விடுகிறார்கள். கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். பம்ப் மாற்றுவதானாலும் பெர்மிட்டில் எழுதியிருக்கிற காற்றளவுக்குக் குறைந்ததை மாட்டக் கூடாது.

பம்ப் ஓட ஆரம்பித்ததும் நாற்றம் உடனே போகாது, பாக்டீரியா மறுபடி பெருகச் சில வாரம் பிடிக்கும். அதற்காக விற்கிற பொடியையும் பாட்டிலையும் வாங்கிக் கொட்ட வேண்டாம், வீட்டுக் கழிவிலேயே அவை தேவைக்கு மேல் வருகின்றன. ஃபில்டரை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மாடல் எண்ணையும் மீட்டர் காட்டிய அளவையும் எழுதி அனுப்பினால் எந்தக் கிட் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.