கரைக்கு வந்தாச்சு, கடலுக்கு எப்போது?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். பைபோலார் (மனம் ஒரேயடியாக எகிறுவதும் துவண்டுபோவதுமான நோய்) என்று மனநல வார்டில் ஐந்து வாரம் இருந்துவிட்டுப் போன மாதம் வீடு வந்தேன். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மா அருவாமனையைக்கூட ஒளித்து வைக்கிறார். பெரியம்மா, மாத்திரையை விட்டுவிட்டு ஏர்வாடி தர்காவில் போய் இரு என்கிறார். விசைப்படகுக்குப் போகலாமா?

பதில்: தம்பி, கடலுக்குப் போகலாம், ஆனால் ராத்தங்கல் தொழில் இப்போது வேண்டாம். இந்த நோய்க்குத் தூக்கம் கெடுவதுதான் பெரிய எதிரி, இரண்டு ராத்திரி முழித்தாலே பழையபடி கிளப்பிவிடலாம். விசைப்படகில் சாயங்காலம் வலை விட்டு விடிய விடிய இழுக்கிற வேலை, அதில் தூக்கம் எங்கே? டாக்டர் சரி என்கிறவரை கரைவலை இழுங்கள், வலை பொத்துங்கள், காலையில் போய் மதியம் திரும்புகிற வள்ளத்தில் ஏறுங்கள்.

வெயிலில் வேர்த்துக்கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும், அதனால் கேன் தண்ணீர் கூடவே இருக்கட்டும், உப்பையும் திடீரென்று குறைக்காதீர்கள். தோள் வலிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவது நம் ஆட்களுக்குப் பழக்கம், அதில் பலதும் இதோடு சேராது. கை பலமாக நடுங்கி, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அருவாமனையை அம்மா ஒளித்தே வைக்கட்டும், மீன் வெட்டுவது உங்கள் வேலையா என்ன? பாவம், அவருக்கு எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்லவில்லை. தூங்காமலே தெம்பாகத் திரிந்தால், பேச்சும் செலவும் எகிறினால், இல்லை சாவைப் பற்றிப் பேசினால் உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

ஏர்வாடிக்குப் போய் ஓதிவிட்டு வாருங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரையை விட்டுவிட்டு அங்கேயே தங்குவதுதான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தது பெரியம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

அப்புறம் டீக்கடை. "ஆளையே காணோமே தம்பி" என்றால், "உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தேண்ணே, இப்ப பரவால்ல." போதும். மேலே தோண்டினால், இன்றைக்கு நண்டு என்ன விலைக்குப் போச்சு என்று கேளுங்கள், அந்தப் பேச்சு அரை மணி நேரத்துக்கு ஓயாது.