சைக்கிள் கேள்வி-பதில்: கருவமுள்ளுக்கும் சரளைக்கும் எந்த டயர் தாங்கும்?

கேள்வி: சார், பள்ளத்தூர்லேர்ந்து கோட்டையூர் வழியா காரைக்குடிக்கு ரோடு பைக்லதான் காலேஜ் போறேன். வண்டியோட வந்த டயர் 700x25. மெயின் ரோட்ல பிரச்சினை இல்ல, ஆனா ஊருக்குள்ள செம்மண் பாதையில இறங்குனா அடிக்கடி பஞ்சர். பின் டயர் நடுவுல தட்டையாவே தேஞ்சிருச்சு. விலை கட்டுப்படியாகணும், ரொம்ப நாள் உழைக்கவும் செய்யணும், எதை வாங்கலாம்?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: தம்பி, எந்த கம்பெனின்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த அகலம்னு கேளுங்க, நம்ம ரோட்டுக்கு அதுதான் முக்கியம். 700x25ல 25ங்குறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 25ல காத்து இருக்குற இடமே கம்மி. சரளைக்கல்லு மேலயோ பள்ளத்து விளிம்புலயோ ஏறும்போது டயர் அப்படியே அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் மாட்டி நசுங்கிரும். ட்யூபைக் கழட்டிப் பாத்தா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல் இருக்கும், அப்படி இருந்தா அது முள்ளு வேலை இல்ல, காத்து கம்மியா வச்சு ஓட்டுனதால வந்தது. அதனால 28 போடுங்க, வண்டி இடம் குடுத்தா 32 இன்னும் நல்லது. பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல டயரைச் சுத்தி நாலஞ்சு மில்லிமீட்டராச்சும் இடைவெளி இருக்கணும், பழைய ரோடு பைக் சிலதுல 28க்கு மேல நுழையவே நுழையாது, அதனால அளந்து பாக்காம காசைக் குடுத்துராதீங்க.

அடுத்தது முள்ளு. சிவகங்கைச் சீமையில ரோட்டோரம் பூரா சீமைக்கருவைதானே, வெட்டிப் போட்ட கிளை காஞ்சு கிடந்தா அந்த முள்ளு லேசான ரேஸ் டயரைச் சுளுவா துளைச்சிரும். ரப்பருக்கு அடியில பஞ்சர் தடுக்குற பெல்ட் வச்ச டயராத்தான் வாங்கணும். காண்டினென்டல் கேட்டர்ஸ்கின் இதுக்கு நல்ல டயர், பக்கச்சுவருக்கும் சேத்து பாதுகாப்பு குடுத்திருக்கான். மடிக்கிற மாடல் விலை கூட, அதுலயே விளிம்புல கம்பி வச்ச, மடிக்க முடியாத மாடலும் வருது, கொஞ்சம் எடை ஏறும், விலை குறையும். காலேஜ் போய்வர கம்பி வச்சதே தாராளமாப் போதும். ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் இதைவிட முரடு, உள்ள 5 மில்லிமீட்டர் தடிமன்ல ரப்பர் அடுக்கு இருக்கு, ஆனா எடை கேட்டர்ஸ்கின்னை விட ரெண்டு மடங்குக்கும் மேல வரும், மிதிக்கும்போது கால்ல தெரியும். வேகமே வேணாம், பஞ்சர் ஆகாம இருந்தா போதும்ங்குறவங்களுக்கு அதைச் சொல்வேன், உங்களுக்கு 28 கேட்டர்ஸ்கின்தான் என் கணக்கு. விலை குறைஞ்ச டயரை ரெண்டு தடவ மாத்துறதுக்கு இது ஒண்ணு மேல்.

காசு மிச்சம் பண்ணணும்னா இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. எடை பெரும்பாலும் பின் சக்கரத்துலதான் இறங்குது, அதனால பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஆனா புது டயரை முன்னால போட்டு, முன்னால ஓடுன டயர் வெட்டு இல்லாம நல்லா இருந்தா அதைப் பின்னால மாத்துங்க. ஓடும்போது பின் டயர் வெடிச்சா வண்டியை சமாளிச்சிரலாம், முன் டயர் வெடிச்சா ஆளையே தூக்கிப் போட்டுரும், நல்ல ரப்பர் எப்பவும் முன்னாலதான் இருக்கணும்.

காத்து விஷயத்துல சோம்பேறித்தனம் கூடாது. எழுபது கிலோ ஆளுக்கு 28ல பின்னால 75 பிஎஸ்ஐ, முன்னால 70 வச்சு ஆரம்பிங்க, 32ன்னா 60 கிட்ட போதும். கல்லு மாதிரி அடைச்சு வச்சா முள்ளு குத்தாதுன்னு நினைக்காதீங்க, குத்தும், கூடவே கையும் முதுகும் வலிக்கும். வாரம் ஒரு தடவ காத்து அளவு காட்டுற கேஜ் வச்ச பம்புல பாத்துருங்க.

பஞ்சர் ஒட்டும்போது ட்யூபை மட்டும் ஒட்டிட்டு டயரை அப்படியே மாட்டுறதுலதான் மறுபடி மறுபடி பஞ்சர் ஆகுது. முள்ளு முனை ஒடிஞ்சு ரப்பருக்குள்ளயே நிக்கும், வெளிய தெரியவே தெரியாது. டயர் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வச்சு மெதுவா சுத்தி இழுங்க, முனை இருக்குற இடத்துல பஞ்சு நூல் மாட்டி நிக்கும், அங்க நெம்பி எடுத்துருங்க. டயர் மாட்டும்போது கம்பெனி பேர் எழுத்து வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுனீங்கன்னா, ட்யூப்ல ஓட்டை எங்கன்னு பாத்ததுமே டயர்ல எந்த இடத்துல தேடணும்னு தெரிஞ்சிரும்.

கேள்வி: எங்க பையன் ரோடு பைக்குக்கு கடையில 28 இன்ச் டயர்னு குடுத்தாங்க, ரிம்ல உக்காரவே மாட்டேங்குது. டயர் கோளாறா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கோளாறு இல்லைங்க ஆச்சி, அளவே வேற. நம்ம ஊர் பழைய பெரிய சைக்கிளுக்குப் போடுற 28 x 1½ டயரோட ரிம் அளவு 635 மில்லிமீட்டர், ரோடு பைக் 700க்கு 622. ரெண்டையும் 28ன்னே சொல்லிருவாங்க, குழப்பம் அங்கதான். பழைய டயரோட பக்கவாட்டுல 25-622, 28-622ன்னு சின்ன எழுத்துல இருக்கும், முன்னால இருக்குறது டயர் அகலம், பின்னால இருக்குறது ரிம் அளவு, கடையில அந்த 622ஐக் காட்டிக் கேளுங்க, இப்ப வாங்குனதைப் பாக்கெட்டோட திருப்பிக் குடுத்துருங்க. ட்யூப் வாங்குனாலும் வால்வைப் பாக்கணும், ரோடு பைக்குல பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுதான், சாதா சைக்கிள் ட்யூப் அதுக்கு ஆகாது. தம்பி தூரமாப் போறவன்னா ஒரு ஸ்பேர் ட்யூப் பையில எப்பவும் இருக்கட்டும், அந்த வால்வு ட்யூப் சின்ன ஊர்ல எல்லா கடையிலயும் கிடைக்காது.

கேள்வி: ட்யூப்லெஸ் மாத்தலாமா? கருவமுள்ளுக்கு அதுதான் மருந்துன்னு சொல்றாங்களே.
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: ட்யூப் இல்லாத டயருக்குள்ள ஊத்துற சீலன்ட்ங்குற திரவம் முள்ளு ஓட்டையைத் தானா அடைச்சிரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்குன்னே வந்ததா இருக்கணும், சாதா ரிம்ல முயற்சி பண்ணவே பண்ணாதீங்க. நம்ம வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காஞ்சு போகும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாத்து ஊத்தணும். அதுக்குப் பொறுமை இருந்தா மாத்துங்க, இல்லாட்டி பெல்ட் வச்ச டயரும் ட்யூபுமே போதும்.