தலைக்குள் ‘ஷாக்’ அடிப்பது பிசாசாலா, மாத்திரையை விட்டதாலா?

கேள்வி: டாக்டர், நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது, பிறை என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. மனச்சோர்வு என்று நாலு மாதமாக செர்ட்ராலின் மாத்திரை சாப்பிட்டு வந்தான், கொஞ்சம் தேறியும் இருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் பிசாசும் நோயும் நீங்க ஜெபிக்கும் ஒரு விடுதலைக் கூட்டத்தில் “சுகம் பெற்றேன்” என்று சாட்சி சொல்லிவிட்டு, அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டான். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி, கெட்ட கனவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பிசாசு வெளியேறப் போராடுகிறது, மூன்று நாள் உபவாச ஜெபம் வைப்போம் என்கிறார் எங்கள் சபையின் சிறு ஜெபக்குழுவை (செல் குரூப்) சேர்ந்த அண்ணன். எங்கள் பாஸ்டர் நல்ல மனிதர். வாலிபர் கூட்டத்தில் மனநலம் பற்றி என்னையே பேசச் சொல்லியிருக்கிறார். நான் என்ன பேசுவது? அவன் சில நேரம் “நான் இல்லாட்டா எல்லாருக்கும் நல்லது” என்கிறான். அது சும்மா பேச்சுதானே?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சும்மா பேச்சாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரைக் கேட்டால்தான் தெரியும். இன்றைக்கே தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “தம்பி, செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு ஏதும் யோசிச்சு வெச்சிருக்கியா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவருக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். “தோணுது, வழியும் யோசிச்சு வெச்சிருக்கேன்” என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். அன்றே பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரைகள், தோட்டத்துப் புல்லுக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555.

இனி அந்த ‘ஷாக்’. செர்ட்ராலின் போன்ற மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு முதல் நாலு நாளுக்குள் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள், எரிச்சல், கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். நீங்கள் எழுதிய பட்டியலும் இதுவும் ஒன்றுதான், நாள் கணக்கும் பொருந்துகிறது. பழகிய மருந்து திடீரென்று நின்றுபோனதால் நரம்புகள் தடுமாறுகின்றன. இதற்கு ஜெபக்குழு தேவையில்லை, மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர் போதும். ‘அப்படியானால் இது அடிமைப்படுத்தும் மருந்துதானே’ என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. போதைப்பொருள்போல ஏங்க வைக்காது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வைக்காது. மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும், அதுதான் முறை. நாலு மாதத்தில் தேறிவிட்டார் என்றாலும் அது நிறுத்தும் நேரமில்லை. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

அதற்காக நீங்களே இன்றைக்குப் பழைய அளவில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் விட்டுப்போயிருப்பதால் மருத்துவர் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கக்கூடும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்தைத் தொடங்கும் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனித்தாக வேண்டும். அந்த வாரங்களில் தம்பி தூங்குகிறாரா, நிலைகொள்ளாமல் அலைகிறாரா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். நைட் ஷிஃப்ட் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்தூக்கம் கெட்டால் மனச்சோர்வு தேறுவது கடினம். சில காலத்துக்குப் பகல் ஷிஃப்ட் தரும்படி கடிதம் கேட்கலாம்.

ஜெபம் வேண்டாமா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா முடிந்ததும் அங்கிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வருபவர்கள் உண்டு, அவர்களில் இந்துக்களும் உண்டு. அந்தத் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்குங்கள் என்பேன். சிரித்துக்கொண்டே செய்வார்கள். மாத்திரையை விட்டால்தான் விசுவாசம் என்று ஒருவரைச் சோதனைக்கு நிறுத்துவதுதான் எனக்குக் கவலை. பிசாசு ஓட்டுவதற்கென்றே சடங்கு வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபைகூட அதன் மறைக்கல்வி நூலில் (எண் 1673) பிசாசு பிடிப்பது வேறு, நோய், குறிப்பாக மனநோய், வேறு, நோயைக் குணப்படுத்துவது மருத்துவ அறிவியலின் வேலை என்று எழுதி வைத்திருக்கிறது. பேயோட்டும் முன் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் சொல்கிறது. உங்கள் சபை வேறாக இருக்கலாம். செல் குரூப் அண்ணனிடம் இதை எடுத்துக் காட்டுவதில் தப்பில்லை.

உபவாசத்தை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். ஏற்கனவே சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பவரை மூன்று நாள் பட்டினி போடுவது அவரை மேலும் தளர வைக்கும். செர்ட்ராலினைவிட, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். கை நடுங்கும், பேச்சு குளறும், சுயநினைவே போகும். உங்கள் சபையில் லித்தியம் சாப்பிடும் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். அதனால் உபவாசம் அறிவிக்கும்போதே ‘மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்’ என்று பாஸ்டர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். நீரிழிவுக்காரர்களுக்கும் அது உதவும்.

வாலிபர் கூட்டத்துக்கு வருவோம். நோய்களின் பட்டியல் வேண்டாம், அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கணக்கிலிருந்து தொடங்குங்கள். 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு. 200 பேர் கூடும் ஆராதனை என்றால் அதில் 9 பேர். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸு’ என்று நாம் சர்வசாதாரணமாகக் கேலி பேசும்போது அந்த 9 பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்ததாக ஜெபக்குறிப்பு. என் அனுபவத்தில் சபைக்காரர்களை அதிகம் காயப்படுத்துவது பிரசங்கம் அல்ல, வாட்ஸ்அப்தான். ‘இன்ன பிரதருக்கு மனசு சரியில்லை, ஜெபிப்போம்’ என்று பெயரோடு குரூப்பில் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் மாமியார் வீடு வரைக்கும் போய்விடும். போட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அதன் பிறகு அந்த மனிதர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயர் போடக்கூடாது என்ற ஒரே ஒரு விதியைச் சபை எடுத்துக்கொண்டாலே உங்கள் பேச்சுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

சபை கைதட்டிவிடுகிற நோய் ஒன்று உண்டு, அதையும் சொல்லுங்கள். ஒருவர் திடீரென்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபிக்கிறார், களைப்பே இல்லை, மூச்சுவிடாமல் பேசுகிறார், சம்பளம் முழுவதையும் காணிக்கை போடுகிறார், வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறார். எல்லாரும் எழுப்புதல் என்று மகிழ்வார்கள். சிலருக்கு அது, மனநிலை ஒரு காலம் உச்சிக்கு ஏறி இன்னொரு காலம் அடியோடு சரியும் இருமுனைக் கோளாறின் ஏற்றக் கட்டம். பக்தியால் விழித்திருப்பவருக்கு மறுநாள் தூக்கம் வரும். இவர் நாள்கணக்கில் தூங்காமலே துள்ளுவார், தடுத்தால் கோபப்படுவார். அவர் ஓய்ந்து சரியும்போது நோய் என்று புரிவதற்குள் கடன், வேலையிழப்பு என்று நிறைய நடந்துவிட்டிருக்கும்.

சாட்சி சொல்லும் மேடையைப் பற்றிப் பாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். ‘மாத்திரையை விட்டேன்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டு இன்னும் சிலர் வீட்டில் போய் நிறுத்துவார்கள். ‘மருந்து சாப்பிடுகிறேன், ஜெபிக்கிறேன், தேறி வருகிறேன்’ என்ற சாட்சிக்கும் அதே மேடையில் இடம் வேண்டும். அமெரிக்காவில் ரிக் வாரன் என்ற பிரபல போதகரின் மகன் மாத்தேயு நீண்டகால மனநோய்க்குப் பிறகு 2013-இல் 27 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அந்த வீட்டில் மருத்துவமும் இருந்தது, ஜெபமும் இருந்தது. அடுத்த ஆண்டே வாரனின் சபை, கத்தோலிக்க மறைமாவட்டத்தோடும் ஒரு மனநல அமைப்போடும் சேர்ந்து, இதைப் பற்றித் திறந்த மாநாடு நடத்தியது. விசுவாசக் குறைவு என்று அந்தத் தகப்பனிடம் யாரால் சொல்ல முடியும்?

கிளினிக்கால் முடியாத சிலதைச் சபையால் செய்ய முடியும். என்னிடம் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது கால் மணி நேரம். உங்கள் செல் குரூப் வாரம் முழுக்க இருக்கிறது. ஒருவர் சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம், இன்னொருவர் காரில் கூட்டிப்போய் அப்பாயின்மெண்ட் முடியும்வரை காத்திருக்கலாம். புத்தி சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். அந்த அண்ணனுக்கே இந்த வேலையைக் கொடுங்கள். ஜெபிக்க மூன்று நாள் ஒதுக்கத் தயாராக இருப்பவர், ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார மறுக்க மாட்டார்.

தம்பி முன்பு பார்த்த இடத்துக்கே நாளைக் காலையில் போங்கள், அடுத்த அப்பாயின்மெண்ட் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக் என்றால் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், அங்கிருந்து கடிதத்தோடு நிபுணரிடம் போனால் 5 ரிங்கிட். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய பழைய உறை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள், எந்த மருத்துவரும் அதற்காகத் திட்டக்கூடாது, திட்டினால் வேறு மருத்துவரைக் கேட்கலாம். பாஸ்டரும் உடன் வர விரும்பினால் முதலில் தம்பியைக் கேளுங்கள். அவர் சரி என்று சொன்னால் மட்டும் உள்ளே கூட்டிப் போங்கள், இல்லையென்றால் பாஸ்டர் வெளியில் உட்கார்ந்திருக்கட்டும்.